பேரன் பெயருக்கு ஒரு துப்பாக்கிப் போட்டி

ஒத்தோன், இலோயிலோ
ஞாயிற்றுக்கிழமை மாலை

என் அருமை மகன், கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் ரோமெல் மக்பானுவாவுக்கு,

உன் அப்பா தெலெஸ்ஃபோரோ ஆசியுடன் எழுதுவது. குழந்தை இயேசுவின் கருணையால் நானும் உன் அம்மாவும், நிறைமாதமாக இருக்கும் உன் மனைவி ஜெனலினும் நலம். உன் கப்பலும், அதன் எஞ்சினும், நீயும் இதே வரிசையில் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்து ஆடினால் அது அவள் கை நடுக்கம். என் கை இன்று நடுங்கவே இல்லை. மகனே, நான் ஜெயித்துவிட்டேன்!

எதில் என்று கேட்பாய். ஜனவரித் திருவிழா விருந்துக்கு உன் மாமனார் பொலிகார்ப்பியோ நம் வீட்டுக்கு வந்தார் அல்லவா? முழுப் பன்றி வறுவலில் மொறுமொறுவென்று இருந்த தோலையெல்லாம் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, ஏதோ சுங்க இலாகா இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பதுபோல, "பேரனுக்கு என் பேருதான் சம்பந்தி. முடிவு பண்ணியாச்சு" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "பையன் மக்பானுவா வீட்டுப் பையன். தெலெஸ்ஃபோரோதான்" என்றேன். "தெலெஸ்ஃபோரோவா? பள்ளிக்கூடத்துல புள்ளைய டெலிபோன், டெலிபோன்னு கூப்பிடுவானுங்க!" என்றார். "பொலிகார்ப்பியோ மட்டும் என்னவாம்? வயித்துப்போக்கு மாத்திரை பேரு மாதிரி இருக்கு!" என்றேன். ஜெனலின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி முடிங்க மாமா, நான் போய்ப் படுக்குறேன்" என்று போய்விட்டாள். அப்போதுதான் அந்த மனிதர் சொன்னார்: "சாந்தா பார்பரா கிளப்புல தகடு சுடுற போட்டி நடக்குது. எதிர் எதிரா நிப்போம். ஜெயிக்கிறவன் பேரு புள்ளைக்கு." அந்தக் கிளப்பில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். என்னிடம் துப்பாக்கியே கிடையாது. சர்க்கரை ஆலையில் எடை மேடை பார்த்தவனுக்குத் துப்பாக்கி எதற்கு? இருந்தாலும் உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாளே, "வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

நகரத்துக் கடையில் போய், முழு அளவில், முழுக்க எஃகில், அந்தக் காலத்துப் பட்டாளத்தார் இடுப்பில் தொங்குமே, அந்த மாதிரி ஒன்று கேட்டேன். மரிகினாவில், நம் நாட்டிலேயே செய்த நாற்பத்தைந்து ரகக் கைத்துப்பாக்கியை எடுத்து வைத்தான். அதன் விலையை நின்றுகொண்டே கேட்டேன். பக்கத்தில் இருந்த வெளிநாட்டுச் சாமானின் விலை கேட்டுத்தான் நாற்காலி தேடினேன். எடுத்துப் பார்த்தால், அடேயப்பா, என்ன கனம்! பிடிக்கு இரண்டு பக்கமும் மரம். என் கைக்காகவே பார்த்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

உரிமம் வாங்க மனநலப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் வம்பு. மருத்துவரம்மா ஒரு தாளைக் கொடுத்து மனித உருவம் வரையச் சொன்னார். சத்தியமாக நான் திட்டமிடவில்லை. தொந்தி முதலில் வந்தது, பிறகு மீசை, பார்த்தால் அச்சாக உன் மாமனார். "இவர் யாரு?" என்றார். "என் சம்பந்திங்க." "துப்பாக்கி எதுக்கு வாங்குறீங்க?" "இவராலதாங்க." அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார். "அவரைச் சுட இல்லம்மா, அவரோட சேர்ந்து சுட" என்றேன். "சேர்ந்து யாரைச் சுடப் போறீங்க?" என்றார். தகடு, பேரன், டெலிபோன், மாத்திரை எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் எனக்கே என் மனநிலை மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் முறை வரச் சொன்னார்கள். அன்று ஒரு கன்னியாஸ்திரீயை வரைந்து தேறினேன்.

பயிற்சிக்குப் போன முதல் நாளே, குண்டு வெடித்ததும் துப்பாக்கியின் முதுகில் உள்ள சுத்தியல் பின்னால் வந்து என் கட்டைவிரல் இடுக்குத் தோலைக் கவ்விவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "யாரச் சுட்டீங்க, உங்களையேவா?" என்றாள். பிடிக்கும் விதத்தைத் திருத்திக்கொண்டேன். குண்டில்லாத துப்பாக்கியைத் தினமும் நீட்டிப் பிடித்து, அரிசி குக்கரின் சிவப்பு விளக்கைக் குறிபார்த்தேன். "அரிசி மூட்டையத் தூக்கச் சொன்னா முதுகு வலி, இதுக்கு மட்டும் வலிக்காதா?" என்றாள் அவள். ஒவ்வொரு ஞாயிறும் உன் மாமனார் தன் இறகு மாதிரி லேசான, குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியை மேலே வைத்த துப்பாக்கியோடு வந்து, "சம்பந்தி, அது துப்பாக்கியா, படகு நங்கூரமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கேட்கட்டும். அந்தக் கனம்தான் வெடித்த பிறகும் குழாயைத் துள்ளவிடாமல் குறியிலேயே நிறுத்துகிறது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

இன்று காலை போட்டி. விதி எளிது. ஆளுக்கு ஒரு வரிசை வட்ட இரும்புத் தகடு. விசில் ஊதியதும் தன் வரிசை முழுவதையும் முதலில் சாய்ப்பவனுக்கு வெற்றி. மூன்று சுற்று. முதல் சுற்று அவருக்கு. இரண்டாவது எனக்கு, அவருடைய சிவப்புப் புள்ளியில் வியர்வை விழுந்துவிட்டதாம். மூன்றாவதற்கு நிற்கும்போது கிளப்பே எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. உன் அம்மா, சம்பந்தியம்மா நெனித்தா, விசிறியோடு ஜெனலின் எல்லாரும்.

இங்கே ஒரு விஷயம். சர்க்கரை நோய்க்காக நீ சொன்ன பத்தியத்தில் என் இடுப்பு இளைத்துப்போனது, பெல்ட் இளைக்கவில்லை. அதில் குண்டு நிரப்பிய எஃகு மேகசின்கள் வேறு தொங்கின. விசில். சுட ஆரம்பித்தோம். அவர் மளமளவென்று சாய்க்கிறார். எனக்கு இரண்டு மிச்சம், அவருக்கு ஒன்றே ஒன்று. அப்போது என் கால்களில் காற்று பட்டது. குளிர்ச்சியான காற்று. பேன்ட் கணுக்காலில் கிடக்கிறது என்பது புரிந்தது. உள்ளே என்ன போட்டிருந்தேன் தெரியுமா? போன தேர்தலில் இலவசமாகக் கொடுத்த அரைக்கால் சட்டை. பின்பக்கம் முழுக்கத் தோற்றுப்போன வேட்பாளரின் சிரித்த முகம். ஒரு கை தானாகக் கீழே போகப் பார்த்தது. டெலிபோன் என்று கூப்பிடட்டும், என் பேரன் தெலெஸ்ஃபோரோ என்று நினைத்தேன். கை துப்பாக்கியிலேயே நின்றது.

கூட்டம் கூரை பிய்ந்துபோகும்படி கத்தியதாம். என் காதில் அடைப்பான், விசிலைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் மாமனார் மாட்டியிருந்ததோ சீமை ஒலிகாப்பான். வெடிச் சத்தத்தை மட்டும் அடக்கும், மனிதக் குரலைத் துல்லியமாகக் கொண்டுவரும். அந்த ஆரவாரம் தனக்குத்தான் என்று நினைத்து, கடைசித் தகடும் சாய்ந்துவிட்டதாக நம்பி, துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டார்! தகடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் ஒன்றைச் சாய்த்தேன். மூச்சைப் பிடித்து, விசையை மெல்ல அழுத்தி, இன்னொன்றையும் சாய்த்தேன். "பேன்ட்டு கெடக்கட்டும், தகட்டைப் பாருங்க!" என்று உன் அம்மா கத்தினாளாம். முப்பத்தைந்து வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன மிகச் சிறந்த வார்த்தை, அதுவும் காதில் விழாமல் போயிற்று. நடுவர் என் கையைத் தூக்கினார். இன்னொரு கையால் நான் பேன்ட்டைத் தூக்கினேன். உன் மாமனார் முகம் வெளிறிப்போய் வந்து கைகொடுத்து, "பேரு உங்களுதுதான் சம்பந்தி. ஆனா இடுப்புல ஒரு கயித்தையாவது கட்டுங்க" என்றார். வரும் வழியில் எல்லாருக்கும் பாச்சோய் நூடுல்ஸ் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பாவம், துக்கம்.

ஆகவே மகனே, குட்டி தெலெஸ்ஃபோரோ வரும்போது அவன் பெயர் போராடி வாங்கிய பெயர் என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். கடல் உனக்குப் பாயைப்போல விரிந்து கிடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. பெல்ட்டைச் சரிபார்த்துக்கொள்.

வெற்றி பெற்ற உன் அப்பா,
தெலெஸ்ஃபோரோ மக்பானுவா

பின்குறிப்பு: திங்கள் மதியம். கடிதம் அனுப்புவதற்குள் ஜெனலினுக்கு வலி எடுத்துவிட்டது. சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். பெண் குழந்தை. நான் உடனே "தெலெஸ்ஃபோரா" என்றேன், உன் மாமனார் "பொலிகார்ப்பியா" என்றார். நர்ஸ் எங்களை மேலும் கீழும் பார்த்து, "பேரு அப்பவே புள்ளையோட அம்மா குடுத்துட்டாங்க தாத்தா. ரோமெலின்" என்றாள். பாதி நீ, பாதி அவள், எங்கள் பெயருக்கு அதில் இடமே இல்லை. ஸ்கேன் எடுத்த அன்றே பெண் என்று வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியுமாம்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் உன் அம்மா, "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இல்லாம எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" என்கிறாள், நெனித்தா பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள். உனக்கும் தெரியுமாமே! போகட்டும். நீ சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருக்க மாட்டேன். உன் மாமனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அடுத்த குழந்தைக்கு மறுபோட்டி கேட்டுவிட்டார். நானும் கைகொடுத்துவிட்டேன். உனக்கு விடுமுறை எப்போது என்று உடனே எழுது.