பத்திரப்படுத்தும் குழு

உலகத்தில் படம் எடுக்கத் தெரிந்த கூட்டங்கள் எத்தனையோ உண்டு. எடுத்த படத்தை எதில் வைப்பது என்று குழு அமைத்து, அதற்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, வருஷம் முழுக்க யோசித்த ஒரே கூட்டம் கொடைக்கானல் மலையில் ஒரு மிஷன் பள்ளியில்தான் இருந்தது. அந்தத் தலைவர், தலைமையாசிரியர் ஜெபதுரை. அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

பள்ளியின் படங்களெல்லாம் அலுவலக மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் கிடந்தன. விளையாட்டு விழா, கிறிஸ்துமஸ் நாடகம், வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்துக் கறுப்பு வெள்ளை ஸ்கேன்கள், சகலமும். கம்ப்யூட்டர் நிரம்பி, ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை வந்தபோது ஜெபதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரலாறுங்க இது. விட்டா போயிரும்," என்றார். அன்றைக்கே 'படச் சேகரிப்புப் பாதுகாப்புக் குழு' பிறந்தது. பிறந்ததையும் படம் எடுத்தார்கள்.

குழுவில் இரண்டு கட்சி. பி.டி. மாஸ்டர் ஆக்னல் 'வெளி டிஸ்க்' கட்சி. "கையடக்கமா ஒண்ணு வாங்கிப்புடுவோம் சார். தீப்பிடிச்சாக்கூட சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஓடிரலாம்."

"நீங்க ஓடுவீங்க. திரும்பி வருவீங்களா?" என்றார் இங்கிலீஷ் டீச்சர் ஜூலியட். அவர் 'நெட்வொர்க் பெட்டி' கட்சி. "பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். அவங்கவங்க ரூம்ல உக்காந்துக்கிட்டே எல்லாரும் பாத்துக்கலாம்."

"ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான டீச்சர் கெடக்கு?"

"புருஷன் பொண்டாட்டிகூட ஒரே வீட்டுக்குள்ளதான் இருக்காங்க."

இந்தத் 'தொழில்நுட்ப விளக்கத்தை' ஆக்னல் நோட்டில் குறித்துக்கொண்டார். ஜெபதுரை இரு தரப்பையும் பாராட்டி, பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு குழுப் படத்துக்கு எழுந்தார். எல்லாக் கூட்டமும் இப்படித்தான் இனிதே முடிந்தது. சேகரிப்பு இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு முக்கியக் காரணமே சேகரிப்புக் குழுதான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அடுத்தவர் வளர்ச்சியைப் பொறுக்காதவர்கள் எங்கேதான் இல்லை!

இதற்கு நடுவில் ஆக்ஸிலியா வந்து நிற்பார். அட்டுவம்பட்டிக்காரர், பள்ளி அலுவலக உதவியாளர். அவர் கணவர் அருள்மணி பள்ளிப் பஸ் டிரைவராக இருந்து, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். கேமராவைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் மனிதர். வீட்டிலிருந்த கல்யாணப் படத்திலும் லைசென்ஸ் படத்திலும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும்போது சறுக்கி விழுந்து வாய்விட்டுச் சிரித்ததை மட்டும் யாரோ பிடித்துவிட்டார்கள். அந்தப் படம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. முதலாண்டு நினைவுப் பூசைக்கு அச்சடிக்கும் அட்டையில் அந்தச் சிரிப்பைப் போட வேண்டும் என்று ஆக்ஸிலியாவுக்கு ஆசை.

"ஒரே ஒரு படங்க சார். பென் டிரைவும் கொண்டாந்திருக்கேன்."

"தரக்கூடாதுன்னு இல்லம்மா. எதுல வைக்கிறதுன்னு முடிவாகறதுக்கு முன்னால வெளிய எடுத்தா, அது முன்னுதாரணமாயிரும். இன்னைக்கு நீங்க, நாளைக்கு ஊரே வந்து நிக்கும்." சொல்லும்போது ஜெபதுரையின் குரலில் எவ்வளவு கனிவு!

ஒருவழியாகப் பெட்டி வென்றது. மெழுகுவத்தி ஏற்றி, ஜெபித்து, ரிப்பன் வெட்டினார்கள். படங்களைப் பெட்டிக்கு மாற்றிய கையோடு பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழிக்கச் சொன்னார் ஜெபதுரை.

"ஒரு காப்பி அதுலயும் கெடக்கட்டுமே சார்," என்றார் ஆக்னல்.

"ரெண்டு எடத்துல இருந்தா எது அசல்னு பின்னால கேள்வி வரும். ஏன், குழுத் தீர்மானத்து மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

தலைமையாசிரியர் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று எந்த வாத்தியார் சொல்வார்? அழித்தார்கள்.

அது மூடுபனிக் காலம். அந்த மலையில் கோட்டு, செருப்பு, வேதப் புத்தகம் எதுவானாலும் சும்மா வைத்தால் பூஞ்சை பூத்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் ஈரம் காய ஒரு குண்டு பல்பு அணையாமல் எரியும். வரலாற்றைப் பூஞ்சைக்குக் கொடுக்க ஜெபதுரை என்ன ஏமாளியா? தம் அறை பீரோவின் முதுகில் ஒயருக்கு ஓட்டை போட்டு, பல்புக்குப் பக்கத்திலேயே பெட்டியை வைத்தார். பெட்டிக்குள் இருந்த விசிறி உறுமியது. "குளுருல நடுங்குது பாருங்க," என்று உருகி, தமது பொன்னாடை ஒன்றைப் பெட்டிமேல் போர்த்திவிட்டார். ஜூலியட் டீச்சரும் தலையாட்டினார். அவருடைய கம்பளிக் கோட்டும் வீட்டில் பல்பு வெளிச்சத்தில்தான் இருந்தது. பீரோ பூட்டப்பட்டது. பாஸ்வேர்டும் பூட்டப்பட்டது. ஆளாளுக்குப் பார்த்தால் படம் தேய்ந்துவிடாதா?

"ஞாயித்துக்கெழம பூசைங்க சார். அச்சாபீஸ்ல வெரசா கேக்குறாங்க," என்று ஆக்ஸிலியா வந்து நின்றார்.

"பொட்டி புது எடத்துல செட்டாகட்டும்மா. வெள்ளிக்கெழம வாங்க, நானே எடுத்துத் தாரேன்."

சொன்ன சொல் தவறாதவர். வெள்ளிக்கிழமை தம் கையாலேயே பீரோவைத் திறந்தார். பேக்கரி அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. பொன்னாடை கருகியிருந்தது. விசிறி நின்றிருந்தது. ஆக்னல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடி, மறுநாள் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"ரெண்டும் சேந்தே வெந்துபோச்சாம் சார். ஒண்ணும் தேறாதுன்னுட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அட்டை கொடுத்தார்கள். அதில் அருள்மணி முறைத்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிலியா அதைப் பார்க்காமலே ஒவ்வொருவர் கையிலும் வைத்தார்.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். 'தட்பவெப்பக் காரணங்களால் சேகரிப்பு கர்த்தருக்குள் இளைப்பாறியது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஜெபதுரை சோர்ந்துவிடவில்லை. பள்ளியின் வரலாறு முழுதும் அழிந்துவிடவில்லை என்ற நற்செய்தியை அவரே அறிவித்தார். குழுக் கூட்டப் படங்கள் அத்தனையும் அவரவர் வாட்ஸ்அப்பில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. எல்லாவற்றிலும் ஜெபதுரை நடுநாயகமாக நின்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் எல்லாரும் படத்துக்கு எழுந்தார்கள். டீத் தட்டோடு உள்ளே வந்த ஆக்ஸிலியாவை ஜெபதுரை பெருந்தன்மையோடு கையசைத்துக் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, நீங்களும் வந்து நில்லுங்க. புதுச் சேகரிப்பு ஆரம்பிக்கிறோம். முதல் படத்துல நீங்க கட்டாயம் இருக்கணும்."

ஆக்ஸிலியா தட்டை மேசைமேல் வைத்தார்.

"வேணாங்க சார். எங்க வீட்டுல அவரு ஒருத்தரு போதும். நானும் வந்து நின்னா என்னையும் பத்திரப்படுத்திருவீங்க."