பன்னிரண்டு எழுத்துக்குள் ஒரு சம்மதம்

பிள்ளைகளே, ஹனோவர் நகரத்தில் ஹவாய் மொழி பேசிய ஒரே யாழ்ப்பாணத்தான் எங்கள் பன்னிரண்டெழுத்து அண்ணைதான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று நான் எழுதினாலும் மறுத்துக் கடிதம் போட ஒருவரும் வரப்போவதில்லை. அப்படிப்பட்டவருடைய கலியாணம், ஒரே ஒரு சொல் வாயில் வராததால் நின்றுபோகப் பார்த்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மொழிகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அண்ணையும் நானும் நாதனும் கதவுக் கைப்பிடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தோம். தொழிலாளர் விடுதியில் மூவருக்கும் ஒரே அறை. நாதன் வாய் மூடாதவன். அண்ணை வாய் திறக்காதவர். காரணம், அவருக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் திக்காது. ச, த, ட, ர, ய என்று தொடங்கும் சொற்கள்தான் அவரை மறிக்கும். 'என்ரை எதிரியள்' என்பார். இந்த எழுத்துகளை விட்டுவிட்டுத் தமிழில் ஒரு மனிதன் சோறு கேட்க முடியாது, தண்ணீர் கேட்க முடியாது. அவருடைய சொந்தப் பெயரிலோ அந்த எதிரிகள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அதை அவர் சொல்லிக் கேட்டவர் இல்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

அந்த நாளில் ஜெர்மனி ஒரு தின்பண்டத்தில் மயங்கிக் கிடந்தது. வாட்டிய பாண் துண்டு, அதன் மேல் பன்றி இறைச்சி, அதன் மேல் அன்னாசி வளையம், அதற்கும் மேல் உருகிய சீஸ். பெயர் டோஸ்ட் ஹவாய். அண்ணை சைவம். ஆனால் எங்கள் கன்ரீனில் அவரால் வாய் திறந்து கேட்டு வாங்கக்கூடியது அது ஒன்றுதான். டோஸ்டை விட்டுவிட்டு "ஹவாய்" என்பார். எண்ணெய் பூசியதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். பரிமாறும் ஹன்னா தட்டை நீட்டுவார். அண்ணை இறைச்சியை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவார். அவருடைய சைவத்தால் எனக்குத்தான் உடம்பு வைத்தது.

ஒரு நாள் கேட்டார். "ஐசே, இந்த ஹவாய் எண்ட பேர் மட்டும் ஏன் என்னை மறிக்குதில்லை?"

"அங்கை போய்க் குடியிருங்கோ அண்ணை, வாய் தானாத் திறக்கும்" என்றான் நாதன்.

நாதன் பகிடிக்குச் சொன்னான். அண்ணை பகிடியாக எடுக்கவில்லை. வந்த சனிக்கிழமை நகர நூலகத்துக்குப் போய், துண்டுத் தாளில் எழுதிக் காட்டி, ஒரு மெல்லிய புத்தகத்தோடு திரும்பினார். ஜெர்மன் மொழியில் எழுதிய ஹவாய் இலக்கணம்.

என்னைக் கட்டிலில் இருத்திவைத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்த மொழிக்குப் பன்னிரண்டே எழுத்து. உயிர்கள் அ, எ, இ, ஒ, உ. மெய்கள் ஹ, க, ல, ம, ன, ப, வ. அவ்வளவுதான். நாங்கள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைச் சுமந்துகொண்டு சிலேட்டின் மேல் அழுதவர்கள். அந்தப் பிள்ளைகளோ ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டுக் கடலில் குளிக்கப் போயிருப்பார்கள். முதலில் எழுத்துகள் கூடுதலாக இருந்தனவாம். எழுதிவைக்கப் போன பாதிரிமாருக்கு ஒரே சொல் ஒருவர் வாயில் 'ட' என்றும் மற்றவர் வாயில் 'க' என்றும் கேட்டதால், கூடியிருந்து பேசி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டார்களாம். அண்ணை அந்தப் பாதிரிமாரை நினைத்து ஒரு கும்பிடு போட்டார்.

"பாரும். என்ரை எதிரி ஒருத்தனும் இதுக்குள்ளை இல்லை."

அதிலிருந்து விடுதியில் எல்லோருக்கும் பெயர் மாறியது. அந்த மொழிக்குள் வெளிச்சொல் ஒன்று நுழைந்தால் ச, த, ட எல்லாம் 'க' ஆகிவிடும். ர போய் ல வரும். எந்த அசையும் உயிரில்தான் முடியும். ஜெர்மனியே அங்கே கெலெமானியா. இதில் நாங்கள் சிரிக்க ஒன்றுமில்லை. லண்டனுக்கு முன்னால் ஒரு இகரம் போட்டு இலண்டன் ஆக்கியவர்கள்தானே நாங்களும். சிவராசா என்ற உங்கள் அப்பா கிவலாகா ஆனேன். நாதன் நாகனா ஆனான்.

"என்னைப் பாம்பாக்கிப் போட்டியளே அண்ணை."

"பாம்பெண்டால் பேசாமல் கிடக்கும்" என்றார் அண்ணை.

எங்கள் மேற்பார்வையாளர் ஷ்ட்ராட்மன் கலகமனா ஆனார். ஆளின் குணத்துக்கு அது தமிழிலும் பொருந்தியது. இது உங்கள் நாட்டு மரியாதைச் சொல்லா என்று அவர் நாதனிடம் விசாரித்தார். பெரிய மரியாதை என்றான் நாதன். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் மனிதர் திரும்பிப் பார்த்தார்.

கிவலாகா என்ற பெயர் எனக்குக் கோமாளித்தனமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு வருஷமாக என்னை 'ஐசே' என்று மட்டும் கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதை நினைத்து நான் மறுக்கவில்லை.

ஹன்னாவின் பெயரில் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. புத்தகத்தில் ஹனா என்றால் வேலை என்று போட்டிருந்தது. "எனக்கு இனி அவதான் வேலை" என்றார் அண்ணை, காது சிவக்க. மறுநாள் கன்ரீன் வரிசையில் நின்று, 'குட்டன் டாக்' என்பதை ஹவாய்ச் சட்டப்படி மாற்றி, "கூகெனா காகா" என்று வணக்கம் சொன்னார். பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹன்னா முகத்தில் ஒரு கோடும் மாறாமல் "கூகெனா காகா" என்று பதில் சொல்லித் தட்டை நீட்டினார். காதல் இப்படியும் தொடங்கும், பிள்ளைகளே. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். கலியாணமும் பேச்சாயிற்று.

அந்த நாட்களில்தான் அண்ணை புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். சிலர் அந்த மொழிக்குப் பதின்மூன்றாவதாக ஓர் எழுத்தைச் சேர்ப்பார்களாம். தொண்டையை ஒரு கணம் அடைத்துவிட்டுத் திறக்கிற அந்தத் தடைதான் எழுத்து. தலைகீழான காற்புள்ளிபோல் போட்டுக் காட்டுவார்களாம்.

"அப்ப பட்டத்தை மாத்துவம். பதின்மூண்டெழுத்து அண்ணை" என்றான் நாதன்.

அண்ணை சிரிக்கவில்லை. "நான் அடைபட்டு நிக்கேக்கை நீங்கள் எல்லாரும் நிலத்தைப் பாப்பியள். அங்கை அது ஒரு எழுத்து, கிவலாகா."

நாதன் எழுந்து போய் அண்ணைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தான்.

பதிவு அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள், இவரை மனைவியாக ஏற்கிறீரா என்று. பதில் 'யா'. ஜெர்மன் மொழியில் குழந்தை முதலில் பழகும் சொல். ஆனால் 'ய'. அண்ணையின் வீசாவோ அந்த மாதத்தோடு முடிகிறது. அலுவலகம் நாள் குறித்துக் கொடுத்த இந்த டெர்மின் தவறினால் அடுத்தது அதற்குப் பிறகுதான். அதாவது, அந்த ஒரு சொல் வராவிட்டால் மாப்பிள்ளை கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டும். குளிப்பறையிலும் படிக்கட்டிலும் நின்று பழகினார். வரவில்லை.

"தலையை ஆட்டுங்கோவன் அண்ணை" என்றான் நாதன்.

ஏலாது. வாயால் சொல்ல வேண்டும் என்று அலுவலர் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் தலையாட்டினால் அது ஆமா இல்லையா என்று ஜெர்மன்காரருக்கு விளங்காது என்பது வேறு விஷயம். அண்ணை புத்தகத்தைப் புரட்டினார். ஹவாய் மொழியில் ஆம் என்பதற்கு 'ஆஎ'. சேர்த்துச் சொன்னால் ஏறக்குறைய 'ஆய்'. "அதை வச்சு ஒப்பேத்துவம்" என்றார்.

நானும் ஹன்னாவின் தங்கையும் சாட்சிகள். நாதன் பின் வரிசையில். அலுவலர் கண்ணாடி போட்ட வயதானவர், சாந்தமான முகம். ஹன்னா 'யா' என்றார், கதவு பூட்டுகிற ஓசைபோல் தெளிவாக. அடுத்து அலுவலர் அண்ணையிடம் கேட்டார். அண்ணையின் வாய் திறந்தது. ய்... ய்... கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் ஹவாயை எடுத்தார்.

"ஆஎ."

"ஆய்?" என்றார் அலுவலர்.

ஜெர்மனில் அப்படிச் சொன்னால் முட்டை. ஹன்னாவின் தங்கை கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். பின்னால் நாதன் இருமினான். அலுவலர் பேனாவை மூடினார். "பரவாயில்லை. இன்னொரு டெர்மின் போடலாம்" என்றார் மெதுவாக.

ஹன்னா அவரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பஸ் வரும் என்று தெரிந்தவர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல, அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணை, உங்களுக்குச் சம்மதமோ இல்லையோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

"ஓம்" என்றார் அண்ணை.

நீளமாக, மணி அடித்ததுபோல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நாள் முழுக்கச் சொல்கிற ஓம். ஒகரமும் மகரமும் அந்தப் பன்னிரண்டுக்குள்தான் இருக்கின்றன. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அலுவலர் சட்டென்று எழுந்தார். கைகளைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். ஏனென்று தெரியாமல் நாங்களும் எழுந்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து கேட்டார். "பிரார்த்தனை இன்னும் எவ்வளவு நேரம் நடக்கும்? என் மகள் யோகா வகுப்பில் இதைத்தான் சொல்கிறாள். குழப்ப எனக்கு விருப்பமில்லை."

எனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் திரட்டிச் சொன்னேன். "பிரார்த்தனை இல்லை, ஐயா. எங்களுக்கு ஓம் என்றால் யா."

"எப்போதுமா?"

"எப்போதும். தேநீர் வேண்டுமா என்று கேட்டாலும் ஓம்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முழுக் கேள்வியையும் முதலிலிருந்து மறுபடி கேட்டார். அண்ணை மறுபடி "ஓம்" என்றார். அலுவலர் அதைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்து, "யா" என்று தலையசைத்து, பேனாவைத் திறந்தார்.

வெளியே படியில் அண்ணைக்கு ஒரு குறை. "ஆனால் கிவலாகா, அங்கை மெய்யிலை முடிக்க ஏலாது. கணக்காப் பாத்தால் ஓமா எண்டுதான் வரவேணும்."

ஓமா என்றால் ஜெர்மனில் பாட்டி. "பாட்டிக்குக் கால் வலி, அதுதான் வரவில்லை" என்றார் ஹன்னா.

"பேசாமல் வாங்கோ அண்ணை, கலியாணம் முடிஞ்சுது" என்றான் நாதன்.

அன்று மாலையே இருவரும் கெல்சென்கிர்ச்சனுக்குப் புறப்பட்டார்கள். ஹன்னாவின் தமையன் அங்கே வீடு பார்த்து வைத்திருந்தார். நாதனுக்கு மாலை வேலை. நான் மட்டும் ரயிலடிக்குப் போனேன். ரயில் அசைந்தபோது அண்ணை ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். பன்னிரண்டுக்கு வெளியே இருந்து ஒரு சொல்லை எனக்காக எடுக்கிறார் என்று உதட்டிலேயே தெரிந்தது. பல் சேர்ந்து "ச்... ச்..." என்று நின்றது. சந்திப்பமா, சந்தோசமா, சுகமாய் இருமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரயில் வளைவில் திரும்பிவிட்டது.

மற்றப் பயணிகளை வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். நான் போகவில்லை. அவருக்கு ஒரு சொல் வந்து சேர வழக்கமாக எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரமும் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்த வெறும் மேடையில் நின்றேன். இனி வந்திருக்கும் என்று மனதுக்குப் பட்ட பிறகுதான் விடுதிக்கு நடந்தேன்.