உறையாத சூரைமீன் கறி

காலையில் போன மின்சாரம் மத்தியானமாகியும் வரவில்லை. பிறிட்ஜில் இருந்த சீலாவின் கடைசிக் கறி இளகிக்கொண்டிருந்தது.

சீலா செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து உறவுகள் போனபிறகுதான் இராஜநாயகம் அதைக் கண்டெடுத்தார். ஐஸ் தட்டுக்குப் பின்னால், மனைவி சீலாவின் சின்னச் சில்வர் பாத்திரத்தில் சூரைமீன் கறி. இனி அவள் சமைக்கப்போவதில்லை. அதனால் அவர் சாப்பிடவில்லை. தினமும் மூடியைத் திறந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடிவைப்பார்.

பக்கத்தில் கிடந்த மீனெல்லாம் கல்லாய் இறுகியபோதும் கறி மட்டும் ஒருநாளும் சரியாக உறையவில்லை. அது சீலாவின் இளகிய மனம் என்று மனிதர் முடிவுகட்டிவிட்டார்.

துறைமுகத்து ஐஸ் களஞ்சியத்தில் காலம் கழித்தவருக்கு ஒரு கறியைக் காப்பாற்றத் தெரியாதா? ஐஸ்கட்டி வாங்கி வந்து, சூடு புகாத றெஜிபோம் பெட்டியில் உடைத்துப்போட்டு, பாத்திரத்தை நடுவில் வைத்தார். பங்குனி வெயிலுக்கு ஐஸ் கரைந்தது. உடனே உப்பை அள்ளிப்போட்டார். உப்புப் பட்ட ஐஸ் சுற்றியிருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சி இன்னும் குளிரும். குளிர்ந்ததுதான், ஆனால் முன்னையைவிட வேகமாகக் கரைந்து, பாத்திரம் உப்புத் தண்ணீரில் மூழ்கிப்போனது.

பக்கத்து வீட்டு றிஷானா வேலியால் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணன், மீன் வியாபாரமா?"

"சீலா கடைசியா வைச்ச கறி, தங்கச்சி. பழுதாகப் போகுது."

றிஷானா ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். "அப்ப சூடாக்கிச் சாப்பிடுங்கோ."

"சாப்பிட்டா முடிஞ்சிருமே."

ஆனாலும் வேறு வழியில்லை. அவளும் கூட வந்து அடுப்பை மூட்டினாள். கறி கொதித்தது. பாண் துண்டொன்றைப் பிய்த்துக் கறியில் தொட்டு ஒரு வாய் வைத்ததும் இராஜநாயகத்தின் முகம் கோணியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஒரே உப்பு. அந்தத் தண்ணி உள்ள போயிட்டுது. நான் ஒரேயொரு நாள் சமைச்சதை அவள் படுக்கையில கிடந்துகொண்டும் மிச்சம் வைக்காமச் சாப்பிட்டவள். அவள்ட கறியைக் காப்பாத்த எனக்கு ஏலாமப் போச்சே."

றிஷானா பாத்திரத்தின் மூடியை எடுத்து, இறுக்கமாயிருந்த றப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தண்ணி உள்ள போகல்ல அண்ணன். இது நீங்க அண்டைக்கு வைச்ச கறிதான். உங்கட மனம் நோகக்கூடாதெண்டு, ஐஸ் தட்டுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கச் சொல்லி அக்கா என்னட்டத் தந்தவ."