தாகஸூத்துக்கு இரண்டே பேர்

மெக்னேஸ்,
திங்கட்கிழமை.

அன்பு மைத்துனன் ஹம்மூவுக்கு,

உன் மீதும் உன் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். உன் மனைவி மக்களும், மாடி அறைகளில் தங்கும் அலைச்சறுக்குப் பையன்களும் நலமாக இருப்பார்கள் என நம்புகிறேன். நானும் உன் அக்கா ஃபத்மாவும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போனை எடுத்தால் ஆறு காதுகள் பக்கத்தில் வந்து உட்காருகின்றன.

போன மாதம் உன்னிடம் நான் கேட்டது ஞாபகம் இருக்கும்: உங்கள் தாகஸூத் கடற்கரையில், கடலைப் பார்த்த ஓர் அறை, ஒரு வாரம், இரண்டே பேர். நில அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். உன் அக்காவோ கல்யாணமான நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கே சமைத்துப் போடுகிறாள். "ஒரே ஒரு வாரம் யாருக்கும் எதுவும் ஆக்காம இருக்கணும்" என்று வாழ்க்கையில் ஒரு தடவைதான் வாய்விட்டுக் கேட்டாள். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனுஷன்?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவின் பொது அடுப்பில் ரொட்டி வாங்கப் போனேன். அடுப்புக்காரர் பூசெல்ஹாம், "என்ன, முகமெல்லாம் சிரிப்பா இருக்கு?" என்றார். உன் ஊருக்குக் கடல் பார்க்கப் போவதைச் சொன்னேன். சொன்ன பிறகு அழைக்காமல் இருக்க முடியுமா? "நீங்களும் வாங்க" என்றேன். "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும், எனக்கு வேலை கிடக்கு" என்று முறைப்படி மறுத்தார். முறைப்படி இன்னொரு தடவை அழைத்தேன், மறுபடியும் மறுத்தார். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் பிசைந்த மாவைச் சுட்டு வாங்கப் பலகையோடு நின்ற பெண்கள் எல்லோரும் என்னையே பார்க்க, கருமி என்று நினைத்துவிடுவார்களே என்று, "அல்லாஹ் மேல ஆணையா நீங்க வந்தே ஆகணும்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஆணை வேற போட்டுட்டீங்க. பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

அவர் வந்தால் அடுப்பு மூடிவிடும். "அப்ப வாரம் பூரா நாங்க என்னத்தத் திங்கிறது?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள். அவள் குடும்பத்தையும் அழைத்தேன். வீட்டுக்கு வந்தால், புருஷன் பிள்ளைகளோடு எங்களுடனே இருக்கும் என் தங்கை ஜுஹூர் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். "அடுப்புக்காரனுக்குக் கடலு, கூடப்பொறந்தவளுக்கு ஒண்ணுமில்லையாண்ணே?" அவள் கணவருக்கு மூட்டுவலி, உப்புத் தண்ணீர் நல்லதாம். நேற்றோடு பத்தொன்பது பேர் ஆகிவிட்டோம், தனி பஸ்ஸே பேசியாகிவிட்டது. நீ அனுப்பிய படத்தில் இருந்த அலைச்சறுக்குப் பலகையை பூசெல்ஹாமுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரே தடவை நாப்பது ரொட்டி எடுத்துட்டுப் போகலாமே!" என்றார்.

ஆகவே ஹம்மூ, அந்தப் பையன்களைக் கொஞ்சம் நகர்த்திப் படுக்கவைத்து எப்படியாவது இடம் பண்ணு. அங்கேயும் உன் அக்கா பத்தொன்பது பேருக்கு அடுப்படியில்தான் நிற்கப் போகிறாள். அவளிடம் இன்னும் ஆள் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அல்லாஹ் உன் வீட்டில் பாய்களையும் உன் மனதில் பொறுமையையும் பெருக்கட்டும். பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா கணவன்,
பூஅஸ்ஸா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். திட்டவில்லை. "இந்தப் பத்தொன்பதுல நம்ம ரெண்டு பேரும் சேர்த்தியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அந்த ரெண்டைக் கழிச்சிடுங்க. நான் அந்தக் கடக்கரையிலயே பொறந்து வளந்தவ, கடல் எனக்குப் புதுசில்ல. இந்த வீட்டைத்தான் ஆளில்லாம ஒருநாள்கூடப் பார்த்ததில்ல." அடுப்பு மூடியிருக்குமே, ரொட்டிக்கு என்ன செய்வது என்றேன். "பேரீச்சம்பழம் தின்னுக்கிட்டு சும்மா உக்காந்திருப்போம்" என்றாள். ஆக, வருவது பதினேழு பேர். வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிடுகிறோம். ஒரு வாரம் முடியுமுன் ஒருத்தரையும் திருப்பி அனுப்பிவிடாதே.