செடி தின்னாத மீன்

மூன்றாவது மீனும் செடியைத் தின்றுவிட்டது.

மேஸ்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மனைவி நட்டது பன்னிரண்டு கொத்துக் கடல்புல். இப்போது நிற்பது நாலு. அதிலும் ஒன்று மொட்டையடித்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள், உப்புத் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கைவிட்டு அவள் அதை நட்டாள்.

"ரெண்டு மீன் வாங்கி விடுங்க. செடியத் திங்காத மீனாப் பாத்து வாங்கணும், கேட்டுச்சா?"

அவ்வளவுதான். அவள் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் மேஸ்திரி வேலைக்கும் போகவில்லை, வாசலுக்கும் வரவில்லை. அவள் கைபட்டதில் அந்தப் புல் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு மீன்கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரர் மஞ்சளாக ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

"பரம சாதுண்ணே. வாயே தொறக்காது."

சாயங்காலம் திறந்தது. இரண்டு கொத்து காலியான பிறகுதான் மூடியது.

"புது இடம்ல? பயத்துல தின்னிருக்கும். தொணைக்கு ஒண்ணு விடுங்க," என்றார் கடைக்காரர் மறுநாள்.

துணை வந்தது, முயல் மூஞ்சியோடு. இரண்டும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள் போல, யாரையும் கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தன.

மேஸ்திரி தனக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினார். தொட்டிக்குள் செங்கல் அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்பினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. சுவருக்கு மேலேயும் தண்ணீர் இருக்கிறது என்பது முதலில் மீன்களுக்குத்தான் தெரிந்தது. சுவரைப் பிரிக்கும்போது ஒரு செங்கல் நழுவி இரண்டு கொத்தை நசுக்கியது.

மறுபடியும் கடைக்கு நடந்தார். வழியில் சைக்கிள் கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேஸ்திரி, மீனுக்கு வீடு கட்டிக் குடுத்தீங்களாமே! கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லவே இல்ல?"

மேஸ்திரிக்கு வந்த கோபத்தில், அந்த சைக்கிள் கடைச் சுவரில் ஓடியிருந்த வெடிப்பை அரை நாள் உட்கார்ந்து பூசிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"இந்தாங்கண்ணே, முரட்டு மீனு," என்றார் மீன்கடைக்காரர். "அந்த ரெண்டையும் பக்கத்துலயே விடாது."

உண்மைதான். இரண்டையும் மூலைக்கு விரட்டிவிட்டு, தானே நிதானமாகத் தின்றது.

மேஸ்திரி ஸ்டூலை விட்டு எழுந்தார். மஞ்சளையும் முயல் மூஞ்சியையும் முரட்டையும் ஒரே வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் இல்லை. அவர் மனைவி தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரன்? தெரிஞ்சே திங்குற மீனாப் பாத்துக் குடுக்குறான்! அது அவ நட்டதும்மா..." வாளியை அவள் முன்னால் வைத்தார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். வாளியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுதாண்ணே குடுத்தாரு. செடி வாங்க வந்த அன்னிக்கே அக்கா சொல்லிட்டுப் போனாங்க, 'திங்காத மீனக் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் அந்த மனுஷன் வீட்ட விட்டு வெளியவே வரமாட்டாரு'ன்னு."