நேரலையில் நிற்கும் என் கணவரைப் பற்றி

இணைய வானொலியில் வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்குக் 'கணிப்பு மேடை' நடத்திவரும் பெருமதிப்பிற்குரிய தம்பி ஐங்கரன் அவர்களுக்கு, ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து கமலநாயகி பரராசசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் உங்கள் ஒலிவாங்கியும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தன் அருள்புரிய வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவரும் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால் வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் கணவர் பரராசசிங்கத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'எசனிலிருந்து எங்கள் அன்பு நேயர் பரா அண்ணை' என்று நீங்கள் வாய் நிறையக் கூப்பிடும் அதே ஆள்தான். பாண் தொழிற்சாலையில் மாவோடு மாவாக நின்று உழைத்த மனிதர், போன வருடம் ஓய்வூதியம் எடுத்தார். முதல் மாதம் யன்னல் பூட்டுத் திருத்தினார், நிலவறையைத் துப்புரவாக்கினார், என் சமையலில் குற்றம் கண்டுபிடித்தார். அதெல்லாம் முடிந்து இனி என்ன செய்வார் என்று நான் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் பிரைமரி தொடங்கியது. ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன்னுடைய ஆள் யார் என்று தங்களுக்குள்ளேயே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிற தேர்தலாம், அதுவும் ஒரே நாளில் முடிக்காமல் மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் இழுத்து நடத்துவார்களாம். நல்ல காரியம், அவர்களுடைய நாடு, அவர்கள் நடத்தட்டும். அதற்கு என் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஏன் தம்பி வரைபடம் ஒட்ட வேண்டும்? கருவேப்பிலை எடுக்கக் கதவைத் திறந்தால் 'மெல்லத் திறவும், டெக்சஸ் கிழிஞ்சுபோம்' என்று சத்தம் போடுகிறார். கண் வைத்தியரிடம் எனக்கு டேர்மின், அதாவது முன்பதிவு, இருந்த நாளில், தெற்கு மாநிலங்களில் வாக்கு எண்ணுகிறார்கள் என்று சொல்லி, கண்ணில் மருந்து விட்டால் பாதை தெரியாது என்று தெரிந்தும், என்னைத் தனியாக ட்ராமில் அனுப்பினார்.

அவர் ஒருவர் என்றால்கூட ஒரு மாதிரிச் சமாளித்திருப்பேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகேந்திரராஜா அண்ணையையும் நீங்கள்தான் கிளப்பிவிட்டீர்கள். இரண்டு பேரும் அகதியாக வந்த காலத்தில் முகாமில் ஒரே அறையில் ஒரே போர்வையைப் பங்குபோட்டுப் படுத்தவர்கள். பிரைமரியில் நிற்கிற இரண்டு பேரில் என் கணவர் கவர்னர் அம்மா வெல்லுவார் என்றார், அண்ணை செனட்டர்தான் என்றார். இருவரும் அமெரிக்காவை மிதித்ததில்லை. அண்ணை மட்டும் ரொறன்ரோவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது நயாகராவில் நின்று அக்கரையைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து நீங்கள் அவரை 'வட அமெரிக்க விவகார ஆய்வாளர்' என்று அறிமுகப்படுத்துகிறீர்கள். இவருக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காத மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஹனோவரிலிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வாசுதேவன் என்று ஒருவர் உங்களுக்கு எடுத்து, 'இல்லீங்க சார், டேட்டாவப் பாத்தீங்கன்னா பரராசசிங்கம் சார் சொல்றதுதான் கரெக்ட்' என்று இந்தியத் தமிழில் சொல்லுவாரே, நீங்களும் 'படித்தவர்கள் பேசினால் தனி அழகு' என்று புகழுவீர்களே, அந்த வாசுதேவன் எங்கள் குளியலறையிலிருந்து பேசுகிறவர். நான் வெளியில் துவாயோடு நிற்கிறேன்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு விட்டிருப்பேன். என்னால் விடமுடியாத காரியம் இனித்தான் வருகிறது.

எங்கள் ஒரே மகள் தர்மிகா சிறுவர் பாடசாலையில் வேலை செய்கிறாள். பக்கத்திலுள்ள வயதானவர்களுக்கு அரசாங்கத்துக்கான அன்ட்ராக், அதுதான் விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுப்பது, சிறுவர் பாடசாலை வாசலில் பாதசாரிக் கடவை வேண்டுமென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி அதைப் போடுவிப்பது என்று அவளுக்கு ஓய்வே இல்லை. அந்தக் கடவையைப் பார்த்த பிறகு கட்சிக்காரர்களே வந்து, நகரசபைத் தேர்தலுக்கு நீ நின்றால் என்ன என்று கேட்டார்கள். ஆனால் இங்கேயும் முதலில் கட்சி உறுப்பினர்கள் கூடி, இந்தத் தொகுதிக்கு யார் வேட்பாளர் என்று இரகசிய வாக்கில் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு காப்புறுதி முகவரும் நின்றார். தர்மிகா அப்பாவையும் மகேந்திரராஜா மாமாவையும் முன்கூட்டியே கட்சியில் சேர்த்துவிட்டாள். எனக்கு இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு, அதனால் வாக்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு போடும்போது அவள் சொன்னாள்:

"அப்பா, இதுவும் ஒரு பிரைமரிதான். வியாழன் ஏழு மணிக்கு. கட்டாயம் வரவேணும்."

"வராமல் எங்கை போறன் பிள்ளை? உன்ர கூட்டம் சின்னக் கூட்டம்தானே, போட்டிட்டு வாறதுதானே" என்றார் இவர். வாயில் சோறும் கையில் கைபேசியும்.

அந்த வியாழக்கிழமையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு பெரிய மாநிலத்தில் வாக்குப்பதிவு, இரண்டு நாளாகியும் எண்ணி முடியவில்லை, கவர்னரும் செனட்டரும் மயிரிழையில். நான் சேலை உடுத்து, இவருடைய சட்டைக்கு ஸ்திரி போட்டுக் கதவில் கொழுவிவிட்டு, அண்ணை காரோடு வருவார் என்று காத்திருந்தேன். தர்மிகா மேசை அடுக்க முன்னாலேயே போய்விட்டாள். ஏழு மணியாகிற நேரத்தில் அண்ணையின் கார் கீழே வந்து நின்றது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினால் இவர் சாய்மனைக் கதிரையில், காதில் கைபேசி.

"இஞ்சேருங்கோ, கார் வந்திட்டுது."

"கமலா, கொஞ்சம் பொறும். ஐங்கரன் என்னை லைனில வைச்சிருக்கிறார். ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு வாறன்."

இரண்டு வசனத்தில் அவர் 'வணக்கம்' சொல்லி முடித்ததில்லை. சரி, அண்ணையை மேலே கூப்பிட்டு இவரை இழுத்துப் போவோம் என்று யன்னலைத் திறந்தேன். கீழே காருக்குள் அண்ணை தனியாக இருந்து கையைக் கையை ஆட்டுகிறார். அதே நேரம் குசினி வானொலியில் அண்ணையின் குரல், 'பரா சொல்லுறது முழுப் பிழை, ஐங்கரன்!' என்கிறது. பின்னால் அறைக்குள்ளிருந்து இவர், 'மகேந்திரராஜா அவர்களுக்கு நான் பணிவோடை சொல்லிக்கொள்ளுறது என்னெண்டால்' என்கிறார். ஒருவர் மேல்மாடி, ஒருவர் கீழே கார், நடுவில் நீங்கள். எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் உங்கள் வழியாக அமெரிக்காவுக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

நான் படி இறங்கி ஓடினேன், தம்பி. எனக்கு முழங்கால் சரியில்லை, ஓடினேன். கார்க் கண்ணாடியில் தட்டினேன். அண்ணை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"அண்ணை, போகேல்லையே? நேரம் போயிட்டுது!"

"தங்கச்சி, நேரலையில நிக்கிறன்."

"அப்ப கதைச்சுக்கொண்டே காரை எடுங்கோ!"

"கைபேசியில கதைச்சுக்கொண்டு ஓடினாப் பொலிஸ் பிடிக்கும். சட்டமெண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"அண்ணை, பிள்ளை அங்கை தனிய நிக்கிறாள்!"

அண்ணையின் கைபேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் அது உங்களுக்கும் கேட்டது. அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது என் செத்த வீட்டன்றும் எனக்கு ஞாபகம் இருக்கும். 'பின்னணியில் ஒரு பெண் நேயரும் உணர்ச்சிவசப்பட்டுக் கருத்துச் சொல்கிறார். அம்மா, நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்டீர்கள். நான் 'என்ர பிள்ளையின்ர பக்கம்' என்று கத்தினேன். 'மிகவும் நடுநிலையான கருத்து' என்று சொல்லி நகைக்கடை விளம்பரத்தைப் போட்டீர்கள்.

உங்கள் நிகழ்ச்சி எட்டு மணிக்கு முடிந்தது. அதன் பிறகுதான் இவர் சட்டையை மாட்டினார். காரில் முன்னுக்கு இரண்டு பேரும் இன்னும் கவர்னருக்கு எத்தனை பிரதிநிதிகள், செனட்டருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள், நான் பின்னுக்கு இருந்து கடவுளோடு பேசிக்கொண்டு போனேன். கட்சிக் கூட்டம் நடந்த தேவாலய மண்டபத்துக்குள் நுழைந்தபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கியவர்களில் ஒருத்தி என் மகள். எங்களைக் கண்டதும் கையிலிருந்த கதிரையை வைத்துவிட்டு வந்தாள்.

"வந்திட்டீங்களே அப்பா? கார் விட இடம் கிடைச்சதோ?" என்று கேட்டாள். ஒரு வாக்கால் தோற்றிருக்கிறாள். வாக்குப் பெட்டியை மூட முன்னர், அப்பா வழியில் வருகிறார் என்று சொல்லி இரண்டு தரம் அவகாசம் கேட்டு வாங்கினாளாம். அவளுக்கு வாக்குப் போட்ட எங்கள் பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா எனக்குப் படியில் வைத்துச் சொன்னார். அவர் நல்ல மனிசி, சொல்லிவிட்டுத் தானும் அழுதார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது இவர் சொன்னார்: "நீ காரை எடுத்திருந்தா நான் வந்திருப்பன் தானே." அண்ணை சொன்னார்: "நீ இறங்கி வந்திருந்தா நான் எடுத்திருப்பன் தானே." அன்றோடு போர்வை பங்குபோட்ட சிநேகிதம் முடிந்தது. தெருவில் கண்டால் ஒருவர் அந்தப் பக்கம், மற்றவர் இந்தப் பக்கம். இப்போது இரண்டு பேரும் கதைக்கிற ஒரே இடம் உங்கள் நிகழ்ச்சிதான்.

அதோடு விட்டீர்களா? அடுத்த வியாழன் 'எம்மவர் அரசியலில் ஏன் தோற்கிறார்கள்?' என்று தலைப்புப் போட்டீர்கள். என் கணவர் முதல் ஆளாக எடுத்து, தான் பெற்ற பிள்ளையின் தோல்வியை விஞ்ஞானபூர்வமாக ஆராய்ந்தார். "முக்கிய காரணம் வாக்களிப்பு வீதம் குறைவு, ஐங்கரன். எங்கட சனம் பேசும், ஆனா வாக்குப் போடப் போகாது. விழிப்புணர்வு காணாது." மகேந்திரராஜா அண்ணை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு முழுமையாக உடன்படுவதாகச் சொன்னார். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மாவை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதற்குள் அழுதேன். அழுதுவிட்டு வந்தால் மா காய்ந்துபோய்க் கிடக்கிறது, இவர் 'இண்டைக்குப் புட்டு இல்லையே?' என்று கேட்கிறார்.

தர்மிகா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டால் 'வேலை அம்மா' என்கிறாள். அப்பா எப்படி என்று மட்டும் கேட்பதில்லை. ஒருநாள் இவரே கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "பிள்ளை, அப்பாவோட கோவமே?" என்று கேட்டார். "இல்லை அப்பா. உங்கட கவர்னர் எப்பிடி, வெல்லுவாவே?" என்று அவள் கேட்டிருக்கிறாள். மனிதருக்கு அது விளங்கியது என்றா நினைக்கிறீர்கள்? முழு விளக்கம் கொடுத்தார். அவள் மறுமுனையில் வைத்த பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகையால் தம்பி, நான் உங்களைத் தாழ்மையாகவும் கோபமாகவும் கேட்டுக்கொள்வது இதுதான். என் கணவரின் எண்ணையும் மகேந்திரராஜா அண்ணையின் எண்ணையும் வாசுதேவன் என்ற எண்ணையும் நீங்கள் நிரந்தரமாகத் தடைசெய்ய வேண்டும். முடிந்தால் நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டும். அமெரிக்கர்களுக்கு யார் வெல்லுவார் என்று எசனிலிருந்து சொல்லி அனுப்பத் தேவையில்லை, அவர்களே எண்ணிக்கொள்ளுவார்கள். என் வீட்டில்தான் எண்ணிப் பார்க்க ஒருவருமில்லாமல் போய்விட்டது. நிறுத்தாவிட்டால் நான் நேரிலேயே உங்கள் கலையகத்துக்கு வருவேன். அது உங்கள் வீட்டு நிலவறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் குழந்தைகள் கல்வியில் சிறக்கவும், உங்கள் மனைவி நீண்ட பொறுமையோடு வாழவும், உங்கள் நேயர்கள் நாளுக்கு நாள் குறையவும் மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
கமலநாயகி பரராசசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் பார்த்துத் தர்மிகா வந்தாள். இவர் கடைக்குப் போயிருந்தார். அவளை வென்ற அந்தக் காப்புறுதிக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகிறாராம், அதனால் வேட்பாளர் தெரிவை வருகிற வியாழன் ஏழு மணிக்குத் திரும்ப நடத்துகிறார்களாம். இவள் மறுபடி நிற்கிறாள். "இரு, அப்பா வரட்டும், உடனே சொல்லுவம்" என்றேன். என் கையைப் பிடித்து இருத்தினாள். "வேண்டாம் அம்மா. தெரிஞ்சா ரேடியோவில கணிப்புச் சொல்லுவார். வாறன் எண்டும் சொல்லுவார், நான் திருப்பியும் கதவைப் பாத்துக்கொண்டு நிப்பன். எனக்கு அது ஏலாது. இந்த முறை அவரை விட்டிட்டுத்தான் ஆக்களைச் சேர்த்திருக்கிறன்." பெற்ற தகப்பனை விட்டுவிட்டு. வாக்கில்லாதவர்களும் பின்னுக்கு இருந்து பார்க்கலாம்தானே, இவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான் அவளோடு போகிறேன். எனவே தம்பி, மேலே எழுதிய அனைத்தையும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். யாரையும் தடைசெய்ய வேண்டாம். வருகிற வியாழன் ஏழு மணிக்கு முதல் அழைப்பாக என் கணவரை எடுங்கள், மகேந்திரராஜா அண்ணையையும் சேருங்கள், எட்டு மணிக்கு முடிக்காமல் ஒன்பது வரை நீட்டுங்கள், விளம்பரக் காசு வேண்டுமானால் நான் தருகிறேன். இவர் களைத்துக் கைபேசியை வைக்கப் பார்த்தால், அமெரிக்காவில் இன்னும் எண்ணி முடியவில்லை என்று சொல்லுங்கள்.