நிற்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் எங்கள் பெண்ணும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "மாமா, மெனுவுக்குள்ள போங்க" என்கிறீர்கள். நானும் போகிறேன். போனவன் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகிறது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

விஷயம், நான் ஓய்வு பெற்றதற்காக நீங்கள் அனுப்பி வைத்த இசைக் கீபோர்டுப் பெட்டி. அடுத்த மாதம் நீங்கள் இங்கே வரும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பெட்டி, வயர், மடக்குக் கால்கள், ஒன்பது மொழிகளில் அச்சடித்துத் தமிழை மட்டும் விட்டுவிட்ட கையேடு, எல்லாவற்றையும் வந்த அட்டைப்பெட்டியிலேயே கட்டி வாசலில் வைத்திருப்பேன். மாப்பிள்ளை கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்கிறாள் உங்கள் அத்தை. மாமனாரை இருநூறு பேருக்கு முன்னால் நிறுத்தி மானத்தை வாங்குவது மட்டும் மரியாதையா என்று நான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை, பெட்டியைச் சொல்கிறேன்.

உங்களுக்கே தெரியும், முப்பத்தொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டு முன்னறையில் கச்சேரி. நான் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவேன். எதிர்த் தெருவில் கடை வைத்திருக்கும் டெய்லர் டிரம்ஸ் வாசிப்பார். கேட்பதற்கு ஆள் கிடையாது, உங்கள் அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வருஷத்தில் ஒரே ஒரு நாள் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடை ஏறுவோம். உங்கள் பெட்டி வந்த அன்று சந்தோஷத்தில் முதல் வேலையாக டெய்லரைத்தான் கூப்பிட்டேன். இடது பக்கக் கட்டைகளில் மூன்று விரலை வைத்தால் போதும், டிரம்ஸ், கிட்டார், டிரம்பெட் என்று ஒரு படையே தானாகக் கிளம்புகிறது, விரலை மாற்றினால் படையும் கூடவே மாறுகிறது, நாம் வலது கையால் மெட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். "யோவ், இருநூத்திப் பத்து விதமான தாளம் இருக்குயா இதுல!" என்றேன். அது போதாதென்று, அட்டைப்பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த வாழ்த்து அட்டையை வேறு உரக்கப் படித்தேன். 'மாமா, இனிமேல் நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, வாழ்த்து எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதக் கூடாதா? சரி, யோசிக்காமல் படித்தவன் நான். டெய்லர் கடைசி வரை கேட்டார். "நல்லா இருக்கு. அப்ப ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறந்து வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கடையில் வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த தாளத்தைத் தேடினேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தைக்கக் கொடுத்திருந்த என் பேன்ட் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் வந்து சேர்ந்தது. அதில் ஒரு கால் நீளமாகவோ ஒரு பொத்தான் தள்ளியோ இருந்திருந்தால், அதைச் சாக்கு வைத்துக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாவது பேச்சைத் தொடங்கியிருப்பேன். பாவி மனுஷன் ஒரு நூல் பிசகாமல் தைத்திருந்தார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வராவிட்டால் போகட்டும், பெட்டி இருக்கிறது என்று சங்கச் செயலாளரிடம் இந்த வருஷம் நான் தனியாகவே மேடை ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விழாவைப் பற்றி எங்கள் பெண் உங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். அவள் அங்கே இல்லை, நான் இருந்தேன், ஆகையால் நான் சொல்வதைக் கேளுங்கள். முதல் பாட்டுக்குத் தயாராகப் பெட்டியை முடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தயாராக வைத்துவிட்டால் இடது பக்கத்தில் எது பட்டாலும் அது கிளம்பிவிடும், விரல்தான் பட வேண்டும் என்றில்லை. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மைக்கைப் பிடித்து, இந்த வருஷம் காலமான மூன்று உறுப்பினர்களுக்காக எல்லோரும் இரண்டு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும் என்றார். நானும் எழுந்தேன். எனக்கு முழங்கால் வலி இருப்பது உங்களுக்குத் தெரியும், எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன், பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவ்வளவுதான், நூற்றுப் பதினாலாம் நம்பர் ஆட்டத் தாளம் டிரம்பெட் சகிதமாகக் கிளம்பியது. கையை எடுத்தேன். கையை எடுத்தாலும் அது விடாது, கடைசியாகப் பிடித்த கட்டையிலேயே விடிய விடிய வாசிக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. பதறிப்போய் ஒரு பொத்தானை அழுத்தினேன். உடனே நிறுத்துவதற்கு வேறு பொத்தானாம்; நான் அழுத்தியது முடிப்பு என்கிற பொத்தான். அது நான்கு வரி வாசித்து, டிரம்ஸை உருட்டி, தட்டை ஓங்கி ஒரு அறை அறைந்த பிறகுதான் ஓயும். ஓய்ந்ததும் முன்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். அவர் காலமான ஒருவருக்கு மைத்துனர்.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். பாட்டில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் எப்போதும் பாடுகிற அதே பாட்டு. இரண்டு வரி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது வரியில் பெட்டி என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடியது. நான் துரத்திப் பிடித்தேன். நாலாவது வரியில் மறுபடியும் ஓடியது. ஜனங்கள் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். யாருக்கு? பெட்டிக்கு! நான் பாடிய பாட்டுக்கு நானே இடைஞ்சலாக நின்றேன். வியர்வை வழிந்த அவசரத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கும்போதே முடிப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். பெட்டி தன் பாட்டை ஜோராக முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டது. அந்தக் கடைசி வரியை நான் வெறும் வாயால் பாடினேன். பாடி முடித்து நிமிர்ந்தால் கடைசி வரிசையில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

பெட்டியில் கோளாறு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் முப்பத்து நாலு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன். அரை கிராம் கூடக் குறைய இருந்தால் முத்திரை போட மாட்டேன். ஸ்டாப் வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் பெட்டியைச் சோதித்தேன். நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு தட்டு என்று போட்டால் தொண்ணூற்றாறு. காலையில் தொண்ணூற்றாறு, மத்தியானம் தொண்ணூற்றாறு. ஸ்டாப் வாட்ச் தப்பு என்று சுவர்க் கடிகாரத்தை வைத்து அதைச் சோதித்தேன், சுவர்க் கடிகாரத்தைப் போனை வைத்துச் சோதித்தேன். எல்லாம் ஒன்றுக்கொன்று உடந்தை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். மூன்றாவது வரியில் மட்டும் ஓடுகிற வியாதி என்று விளக்கிச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "சார், நீங்க ஒருவாட்டி பாடுங்க பார்ப்போம்" என்றார். ரிப்பேர்க் கடையில் நின்று பாடினேன், மாப்பிள்ளை, வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க. கேட்டுவிட்டு அவர், "பொட்டி சரியாத்தான் போவுது சார். நீங்கதான் அங்கங்க நின்னுடுறீங்க" என்றார். தொழில் தெரியாதவன் என்று திட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொல்லிப் பொருமினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அவர் சொன்னது சரிதானே" என்றாள்.

"என்னடி சரி?"

"நீங்க மூணாவது வரியில கண்ண மூடிக்கிட்டு நின்னுடுவீங்க. அப்புறம் நிதானமா வருவீங்க. முப்பத்தொரு வருஷமா டெய்லரும் உங்களோட நின்னு உங்களோட கிளம்புனாரு. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்த எனக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல?"

"நான் அவர்கிட்ட ஒருநாள் கேட்டேன். 'அந்த எடத்துல அவரு சந்தோஷமா இருக்காரு, நான் எதுக்குத் தட்டி எழுப்பணும்'னாரு."

ஊரார் தராசையெல்லாம் சோதித்தவன் என் தாளத்தை ஒரு நாளும் சோதித்ததில்லை, அதற்கு டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை போட்டிருக்கிறார். அந்த மனிதரிடம்தான் இருநூற்றுப் பத்துத் தாளத்தைக் காட்டிப் பெருமை அடித்தேன். வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை. போய் மன்னிப்புக் கேட்கலாமென்று இரண்டு தடவை அவர் கடை வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் அளவெடுக்க ஆள் நின்றுகொண்டிருந்தது. இல்லை, பொய் சொல்வானேன், இரண்டாம் தடவை ஆள் இல்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. இப்போது அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: நாளைக் காலை வந்து நம் முன்னறையில் இருக்கிற தன் டிரம்ஸை எடுத்துக்கொண்டு போகிறாராம். அது போய்விட்டால் அவர் இந்தப் படி ஏற வேறு காரணமே இல்லை. எனக்கு வேறு சிநேகிதரும் இல்லை. இத்தனைக்கும் காரணம் யாருக்காகவும் நிற்கத் தெரியாத உங்கள் பெட்டி.

ஆகவே அதை எடுத்துப் போய்விடுங்கள். இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி வரப் போவதாக எங்கள் பெண் சொன்னாள். அந்த எண்ணத்தையும் கைவிட்டுவிடுங்கள். மற்றபடி உங்கள் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் நிற்கும்போது மற்றவரும் நின்று, நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இதை நேற்று உறையில் போட்டுவிட்டு ஒட்ட மறந்துவிட்டேன், நல்லதாகப் போயிற்று. இன்று காலை டெய்லர் வந்தார். டிரம்ஸ் பக்கம் போகாமல் நேரே பெட்டி முன்னால் உட்கார்ந்து, "இதை வெச்சு என்னத்தய்யா பண்ணுன அன்னைக்கு? ஒரு வரி பாடு" என்றார். நான் "யோவ், மன்னிச்சுக்கய்யா" என்று ஆரம்பித்தேன். "பாடச் சொன்னா பாடு" என்றார். அவரே ஒரு தாளத்தைப் போட்டுவிட்டார். பாடினேன். மூன்றாவது வரி வந்தது. என்னை அடக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன், பழக்கம் விடவில்லை, நின்றேன். பெட்டியும் நின்றாற்போலத் தயங்கியது. நான் மெதுவாகக் கிளம்பினேன். அதுவும் மெதுவாகக் கிளம்பியது. கண்ணைத் திறந்து பார்த்தால், தாளத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு இருக்கிறதாம், டெய்லர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "கையேட்டுல இது எழுதியிருக்குமே, படிக்கலியா?" என்றார். ஆகவே, மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெட்டி இங்கேயே இருக்கட்டும். வரும்போது முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து உட்காருகிற மாதிரி ஒரு பெஞ்சு வாங்கி வாருங்கள்.